கணவாயின் இரண்டு பக்கமும் காட்டுப்பூ: வெயில்காலத்தில் படம் எடுக்கும் முறை

காட்டுப்பூ படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள், எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏழு மணி என்று பதில் வந்தால், இருக்கிற செல்போனே போதும், காசை வீணாக்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும்.

எனக்கு ஊர் செங்கோட்டை. தொழில், கல்யாண வீடுகளில் படம் எடுப்பது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவே ஓய்வாகக் கிடைக்கும் காலைகளில் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று கிளம்பிவிடுவது பழக்கம். 1956 நவம்பர் வரை எங்கள் ஊரே, கேரளம் உருவாகும் முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. ஆகவே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே இருக்கும் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டுவது வெளிமாநிலப் பயணமாக எங்களுக்குப் படுவதில்லை. அந்தப் பக்கத்து எஸ்டேட் லயங்களிலும் டீக்கடைகளிலும் தமிழ் பேசியே காலம் தள்ளலாம்.

இந்தக் கணவாயில் படம் எடுக்க வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மலையின் எந்தப் பக்கத்தில் எந்த நேரத்தில் நிற்பது என்பதைத்தான். ஏப்ரலில் இங்கே ஆறேகால் மணி வாக்கில் சூரியன் உதிக்கும். புளியரைக்குக் கிழக்கே தடுப்பதற்கு மலை கிடையாது. எல்லாம் வயலும் குளமும்தான். முதல் வெயில் படுத்தவாக்கில் வந்து அடிவாரத்துப் புதர்களின் மேல் நேராக விழும். அது நல்ல வெளிச்சம், ஆனால் ஆயுள் குறைவு. எட்டு மணிக்கெல்லாம் இதழில் வெள்ளைத் திட்டு விழ ஆரம்பித்துவிடும். மேற்குப் பக்கத்துக் கதை வேறு. ஆரியங்காவுப் பள்ளத்தாக்கைச் சுற்றிலும் மலை. சூரியன் அந்த மலையை ஏறி இறங்கித்தான் ஓடைக்கரைக்கு வர வேண்டும். எட்டரை மணிக்குக்கூட அங்கே நிழல் சீராக, மெத்தென்று இருக்கும்.

ஆகவே என் வழக்கம் இதுதான். விடியும்போது புளியரைப் பக்கம். ஏழே முக்கால் வரை அங்கே எடுப்பேன். பிறகு பஸ் பிடித்துக் கணவாயைத் தாண்டுவேன். எட்டரையிலிருந்து பத்தரை வரை ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலைப் பக்கத்து நிழல்கள். அதற்குமேல் கேமராவைப் பையில் போட்டுவிட்டுப் புட்டும் கடலையும் சாப்பிடப் போய்விடலாம். உச்சிவெயிலில் பூவை எடுத்துவிட்டு, கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. மாலையில் கணக்கு தலைகீழாகும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் எங்கள் பக்கத்தில் நிழல் சீக்கிரமே வந்துவிடும். அந்தப் பக்கம் மேற்கு வெயில் காய்ந்துகொண்டிருக்கும், அல்லது கோடை இடி மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மழைக்குத்தான் காத்திருக்க வேண்டும். பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும். தீப்பிடிக்கும் காலம் என்பதால் வனத்துறை பல பாதைகளை அப்போது அடைத்தும் வைக்கும். ஒரு நல்ல கோடை மழை பெய்துவிட்டால், அடுத்த சில நாட்களுக்குள் தரை பச்சை பிடிக்கும்; மண்ணுக்குள் கிழங்காக இருந்ததெல்லாம் பூவை வெளியே நீட்டும். சாயங்காலம் இடி இடித்தால் மறுநாள் விடிகாலைக்கு அலாரம் வையுங்கள். தூசி கழுவிய இலை, காற்றில்லாத குளிர்ச்சி, இதழில் இயற்கையான துளி எல்லாம் சேர்ந்து கிடைக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து பூவின் மேல் அடித்துவிட்டு, பனித்துளி என்று பெயர் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பார்த்தாலே தெரிந்துவிடும். பனியும் மழையும் இலை, தண்டு, பக்கத்துப் புல் என்று எல்லாவற்றையும் நனைக்கும். பாட்டில் பூவை மட்டும்தான் நனைக்கும்.

கொன்றையில் ஆரம்பிக்கலாம், அதற்குக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. ஆனால் ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அன்று விடிந்ததும் முதலில் பார்க்கும் கணிக்கு வைப்பதற்காகச் சாலையோரக் கிளைகளையெல்லாம் ஒடித்துப்போய்விடுவார்கள். விஷு முடிந்து வந்தால் மொட்டை மரத்தைத்தான் பார்ப்பீர்கள். கொன்றையில் எல்லோரும் முழு மரத்தை எடுக்கிறார்கள். நான் ஒரு சரத்தை மட்டும் எடுக்கச் சொல்வேன். மேல் பூக்கள் விரிந்திருக்கும், நுனியில் மொட்டுகள் உருண்டு நிற்கும். பூவுக்குள்ளே பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் மூன்று மட்டும் நீண்டு, வளைந்து வெளியே வரும். ஃபோகஸ் அந்த மூன்றின் மேல் விழ வேண்டும். இதழ் கொஞ்சம் மங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வளைவு மங்கினால் படம் செத்துவிடும். பின்னால் வானம் வந்தால் மஞ்சள் வெளுத்துப்போகும். புளியரையில் எஸ் வளைவுப் பக்கம் சாலைக்காக வெட்டிய மேடு நிழலாக நிற்கும். அந்த இருட்டு பின்னால் வரும்படி நின்றுகொண்டால் மஞ்சள் தானாக எழுந்து நிற்கும். வண்டிகள் வளைந்து வரும் இடம் அது, ஓரத்தை விட்டு இறங்காதீர்கள். கருவண்டு வந்து ரீங்கரித்தால் காத்திருங்கள்; வந்த சரத்துக்கே திரும்பவும் வரும்.

இனி காயா. என்னைக் கேட்டால் இந்த மலையடிவாரத்தில் இதற்கு இணையான பூ கிடையாது. ‘காயாம்பூ மேனியன்’ என்று பெருமாளைப் பாடக் கேட்டிருப்பீர்கள். பூவைப் பார்த்தவர்கள் குறைவு. வருடம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத கரும்பச்சைப் புதர். வெயில்காலத்தில் ஒரே மூச்சில் பூத்துச் சில நாட்களில் உதிர்த்துவிடும். பூ கிளை நுனியில் இருக்காது. இலைக்குக் கீழே, வெறும் குச்சியை ஒட்டி, கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு நிற்கும். நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தால் இலைதான் வரும். முட்டி போட்டு, கிளையின் பக்கவாட்டில், குச்சி படத்தில் சாய்வாக ஓடும்படி பாருங்கள். ஒரு பூ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நான்கு இதழ்கள், எட்டு மகரந்தத் தாள்கள், தாளும் நீலம்தான். கொத்தில் எல்லாப் பூவும் ஒரே சமயத்தில் விரிவதில்லை. உருண்டை மொட்டு, பாதி பிரிந்தது, முழுதாக விரிந்தது மூன்றும் இருக்கும் கொத்தாகத் தேடுங்கள்.

இந்த அளவுப் பூவில்தான் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் ஏற ஏறத் துளை சுருங்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்கு சென்சார் உள்ளது), பூ அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கிவிட்டால், எஃப் 8-இல்கூடக் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். நீங்கள் மூச்சுவிட்டாலே போய்விடும். அதே எஃப் 8-இல் கால் பங்கு அளவுக்குப் பின்வாங்கினால் ஆழம் 1 சென்டிமீட்டரை நெருங்கிவிடும். மேக்ரோ லென்ஸ் வாங்கிய புதிதில் எல்லோரும் முட்டும் அளவுக்கு நெருங்குகிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது எவ்வளவோ மேல். எஃப் 22 வைத்தால் எல்லாம் கூர்மையாகிவிடும் என்று நம்பவும் வேண்டாம். அவ்வளவு இறுக்கினால் சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவி, படம் முழுக்க மழுங்கும். எஃப் 8, எஃப் 11 போதும். சென்சாரைக் கொத்துக்கு இணையாக வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நிறம் இன்னொரு தலைவலி. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால், சுற்றிலும் இருக்கும் பச்சையைப் பார்த்துவிட்டு கேமரா என்னவோ ஈடுகட்டப் போகும். காயாவின் நீலம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாக வரும். வெயிலில் 5500 கெல்வின், நிழலில் 6500 முதல் 7000 வரை என்று கையால் வைத்துவிடுங்கள், கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ‘ரா’ கோப்பிலும் எடுங்கள். சிவப்பு வெட்சிக்கும் மஞ்சள் கொன்றைக்கும் எச்சரிக்கை வேறு மாதிரி. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், சாதாரணமாகப் பார்த்தால் எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இதழில் நரம்பே இருக்காது, சிவப்புப் பெயின்ட் அடித்ததுபோல் தட்டையாக இருக்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதியை ஆன் செய்து, எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கருத்த காட்டுப் பின்னணியில் வெள்ளைப் பூ என்றால் ஒரு ஸ்டாப்புக்குமேல் குறைத்தாலும் தப்பில்லை. இருட்டைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் வெளிச்சத்தை ஏற்றிவிடும். அடி வாங்குவது பூதான்.

பின்னணியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். மண்டபத்தில் மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் மின்விசிறி இறக்கை முளைத்திருப்பதைப் பார்க்காமல் எடுக்கிறவர், காட்டிலும் பூவுக்குப் பின்னால் ஒரு காய்ந்த குச்சி குறுக்கே போவதைப் பார்க்க மாட்டார். அரை அடி இடது, அரை அடி வலது நகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே தீர்த்துவிடும். புல் மறைத்தால் பிடுங்காதீர்கள். துணி காயப்போடும் கிளிப் இரண்டு பையில் இருந்தால் புல்லை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளலாம், எடுத்து முடித்ததும் விட்டுவிடலாம்.

செங்கோட்டைக்காரனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணவாய் வழியாக வரும் காற்று ஆனியில் ஆளையே தள்ளும். சித்திரையில் அவ்வளவு இல்லை என்றாலும், பொழுது ஏற ஏறத் தண்டு ஆட ஆரம்பிக்கும். விடிகாலை அமைதியில் ஷட்டர் வேகம் 1/60 நொடிகூடப் போதும். தண்டு ஆட ஆரம்பித்தால் 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள். 1/500 கிடைத்தால் நல்லது. அதற்காக, சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.-வை 1600 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. காற்று தொடர்ந்து வீசாது, விட்டுவிட்டுத்தான் வரும். ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பூ ஆடி ஆடித் தன் இடத்துக்கு வந்து நிற்கும் கணத்துக்காகக் காத்திருங்கள். குடையைக் காற்றுப் பக்கம் விரித்து வைத்தால் சின்னப் பூவுக்கு அதுவே சுவர். வெள்ளைக் குடையாக இருந்தால் மேலே பிடித்து வெயிலையும் வடிகட்டிக்கொள்ளலாம். கடையில் விற்கும் டிஃப்யூசருக்குப் பதிலாக நான் வைத்திருப்பது, மெல்லிய பழைய வேட்டித் துணியைத் தைத்து மாட்டிய கம்பி வளையம். நிழல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் தூக்க, ஒரு துண்டு வெள்ளைத் தெர்மோகோல். ஃபிளாஷைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பின் தரையைப் பார்த்து நடப்பவருக்கு நிலப்பனை கிடைக்கும். தென்னங்கன்று முளைத்ததுபோன்ற மடிப்பு இலை, அதன் அடியில் மண்ணை ஒட்டி ஆறு இதழோடு ஒரு மஞ்சள் நட்சத்திரம். நின்று எடுத்தால் அது சாலையில் கிடக்கும் பொட்டு. உரச் சாக்கு ஒன்றைப் பையில் மடித்து வைத்திருங்கள். அதை விரித்துக் குப்புறப் படுத்து, லென்ஸைப் பூவின் உயரத்துக்கே இறக்குங்கள். இந்த வேலைக்கு கேமரா முக்காலி இடைஞ்சல்தான். மணல் நிரப்பிய துணிப் பை ஒன்றின் மேல் கேமராவை உட்காரவைத்தால் அசையாது. படுக்கும் முன் குச்சியால் சருகைத் தட்டிப் பாருங்கள். பாம்புக்கும் அந்த ஈரம் பிடிக்கும். இதே நாட்களில் காட்டுக்கருணையும் பூக்கும். அதைத் தேடி அலைய வேண்டாம், அழுகல் நாற்றமே கூட்டிக்கொண்டு போகும். மூக்கைப் பொத்திக்கொண்டாவது எடுங்கள், ஈயும் வண்டும் உள்ளே இறங்குவதைப் பார்க்கலாம்.

அந்தப் பக்கத்து நிழலுக்கு வருவோம். செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் 1984-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே வளரும் செங்குறிஞ்சி மரத்தின் பெயரால் வந்தது. சரணாலயத்துக்குள் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. தென்மலையில் சீட்டு வாங்கி, வனத்துறை அனுப்பும் ஆளோடுதான் போக வேண்டும். ஆரியங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாலருவிப் பாதைக்கும் கட்டணம் உண்டு, தண்ணீர் வற்றினால் மூடுவதும் உண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கூட வருகிறவரிடம், நான் பூ படம் எடுப்பவன், மெதுவாகத்தான் நடப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அருவியைக் காட்டிவிட்டு இறக்கிவிடுவார்கள். ஆரியங்காவு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த வாட்சர் தம்பி ஒருவர் சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்: “அண்ணாச்சி, மேலே தேடாதீர்கள். கீழே என்ன உதிர்ந்திருக்கிறது என்று பாருங்கள், பிறகு மேலே பாருங்கள்.” உயர்ந்த மரக்காட்டில் பூ இருப்பதைத் தரைதான் சொல்லும். நாங்கு மரத்தை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். வெள்ளை இதழ் நான்கு, நடுவில் அடர்ந்த மஞ்சள் மகரந்தம், மேலே தளதளவென்று சிவந்த கொழுந்து. தாழ்ந்த கிளை இருந்தால் 200 அல்லது 300 மில்லிமீட்டர் லென்ஸில் கொழுந்தையும் பூவையும் சேர்த்து எடுங்கள். கிளை கிடைக்காவிட்டால், உதிர்ந்த பூவைச் சருகின் மேல் கிடந்தபடியே எடுங்கள். நகர்த்தி அழகாக அடுக்க வேண்டாம். அடுக்கியது கோலம்போல் தெரியும்.

ஓடையோரத்து அசோகைத் தவறவிடாதீர்கள். பங்களா வாசலில் ஊசியாக நிற்கும் நெட்டிலிங்கத்தை அசோகு என்று சொல்கிறார்களே, அது அல்ல. இது கிளையிலும் அடிமரத்திலும் நேராகக் கொத்து வைக்கும். அந்தப் பூவுக்கு இதழே கிடையாது; இதழ் என்று நாம் நினைப்பது புல்லிவட்டத்தின் நான்கு மடல்கள். முதலில் ஆரஞ்சும் மஞ்சளுமாக இருந்து, நாளாக நாளாகச் சிவக்கும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருப்பதாகப் பார்த்து, பட்டையின் கருமையைப் பின்னால் வைத்து எடுத்தால் வேறு எதுவும் தேவைப்படாது. பக்கத்து இலைகள் வானத்தைப் பிரதிபலித்துப் பளபளக்கும். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் கண்ணாடியைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கிப் பச்சை தெளியும். ஆனால் வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப்புக்குக் குறையாமல் தின்றுவிடும், அதற்கு முக்காலி வேண்டும்.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு: போர்ட்ரெய்ட் மோடை மறந்துவிடுங்கள். அது மகரந்தத் தாளையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். மேக்ரோ மோடில் போன் பூவுக்கு மிக அருகில் வந்து அதன் நிழலே பூவின் மேல் விழும்; அதைவிட இரண்டு மடங்கு ஜூமில் வைத்து ஒரு முழம் தள்ளி நில்லுங்கள். திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மேலே சொன்ன நேரக் கணக்கும் பின்னணியும் போனுக்கும் அப்படியே பொருந்தும்.

உண்ணிச்செடியைப் பற்றிக் கேட்பார்கள். பல நிறத்தில் கொத்தாக இருக்கும், பட்டாம்பூச்சி வரும், பழகுவதற்கு நல்லது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை மூடிக்கொண்டிருக்கும் செடி, காட்டுப்பூ ஆல்பத்தில் அதை முதல் பக்கத்தில் போடாதீர்கள். மரத்தில் தொங்கும் ஆர்க்கிட் கண்ணில் பட்டால் எடுங்கள். ஆனால் படத்தைப் பகிரும் முன் போனில் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். அதைப் பார்த்துக் கொக்கியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சரணாலயத்தில் செடியைப் பிடுங்குவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காதில் செருக ஒரு பூ என்றாலும் பறிக்காதீர்கள். யானைச் சாணம் சூடாகக் கிடந்தால் எந்தப் பூவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மழைக்குப் பின் அந்தப் பக்கம் அட்டை ஏறும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகி, மூக்குப்பொடியோ உப்போ தடவிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் கேமராவை ஈரப் பையிலேயே விட்டுவைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். பிறகு பிரிண்ட். காயாவின் நீலத்தைப் பிரிண்டுக்குக் கொண்டுவருவது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். லேபில் தானியங்கித் திருத்தத்தோடு போட்டால் சிவப்பு ஏறிக் கத்திரிப்பூ நிறமாகிவிடும். திருத்தம் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, முதலில் 4க்கு 6 அங்குலத்தில் ஒரே ஒரு பிரதி போடச் சொல்லுங்கள். அதைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு பெரிய அளவுக்குப் பணம் கட்டுங்கள்.